தெற்கே போவதா, மேற்கே போவதா: வேலை மாறும் நடுவே ஒரு கடலூர்க் கணக்கு

ஆறரை வருஷம் தினமும் காலையில் ஸ்கூட்டரை வடக்கே திருப்பியவள் நான். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். வேலை புதுச்சேரியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வழியில் வருகிற ஊர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். இந்தப் பிப்ரவரி முதல் வாரம் அங்கிருந்து ரிலீவ் ஆனேன். அடுத்த வேலை கோயம்புத்தூரில். நடுவில் பன்னிரண்டு நாள்.

மறுநாள் பழக்க தோஷத்தில் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. டிபன் பாக்ஸ் கட்ட வேண்டாம், சார்ஜர் தேட வேண்டாம். அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு நாள் வண்டிலயே எங்கயாவது போயிட்டு வரட்டுமாம்மா?"

"சம்பளம் வர்றப்ப போகாதவ, அது நின்னப்புறம் போறியா?" என்றார், தலையைத் தூக்காமல். புள்ளி வைத்த கை நிற்கவே இல்லை.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் சம்பளம் வருகிற காலத்தில் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு வந்ததே இல்லை. வருஷக் கணக்கு முடிப்பு, ஆடிட்டர் வருகை, ஜிஎஸ்டி தேதி என்று மாதத்துக்கு ஒன்று குறுக்கே நிற்கும்.

இதற்கு முன்பும் ஒருமுறை இப்படி இடைவெளி கிடைத்தது. புதுச்சேரி வேலையில் சேரும் முன், ஆடி மாதம், ஒன்பது நாள். அப்போது மேற்கே மலைப் பக்கம் போனேன். இந்த முறை தெற்கே கடற்கரைப் பக்கம் போய்விட்டு வந்தேன். மிச்ச நாட்களில், ராத்திரி வீட்டிலேயே படுத்துக்கொண்டு பகலில் மட்டும் சுற்றியும் பார்த்தேன். மூன்றும் ஒரே ஸ்கூட்டரில், தனியாக. ஆகவே ஒப்பிட்டுச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

வடக்கே மரக்காணம், மாமல்லபுரம் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சனி ஞாயிறில் அந்தச் சாலை சென்னைக்காரர்களின் கார்களுக்குச் சொந்தம். அதோடு, நான் வடக்கே போனதெல்லாம் போதும்.

வேலைக்கும் வேலைக்கும் நடுவே போகிற பயணம், லீவு போட்டுவிட்டுப் போகிற பயணம் மாதிரி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் தீர்ப்பு முழுக்க இதில்தான் நிற்கிறது. லீவில் போனால் ஆபீஸ் போனை எடுக்காமல் விடலாம். இடைவெளியில் போனால் எடுத்தே ஆக வேண்டும். புது கம்பெனிக்காக யாரோ ஒருவர் பழைய வேலை விவரம் சரிபார்க்கக் கூப்பிடுவார். சம்பளச் சீட்டில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும். வங்கிக் கணக்கு நகல் இன்று மாலைக்குள் வேண்டும் என்பார்கள். இரண்டாவது, பழைய கம்பெனியிலிருந்து வரவேண்டிய கடைசிக் கணக்குப் பணம் கைக்கு வந்திருக்காது. ரிலீவிங் ஆர்டர் வந்துவிடும்; பணம் பின்னால் மெதுவாக வரும். அதை நம்பி அறை எடுக்கக் கூடாது. பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவு செய்யலாம் என்று ஒரு யோசனை வரும், வேண்டாம். புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்வதே நல்லது, ஐந்து வருஷத் தொடர் சர்வீஸுக்கு முன்னால் எடுத்தால் வரியும் பிடிப்பார்கள்.

மூன்றாவது பலருக்கு உறைப்பதே இல்லை. கம்பெனி போட்டுத் தந்த மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அந்தப் பன்னிரண்டு நாளும் நாம் வெறும் ஆள். வண்டி இன்சூரன்ஸைப் பிரித்துப் படித்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டும்போது 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் இருக்கிறதா என்று. அதுவும் உயிர் போனால், நிரந்தர ஊனம் ஆனால்தான். கை முறிந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அது உதவாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் நாற்பத்தைந்துக்கு மேல் முறுக்கவில்லை.

ஆக, எங்கே அழகு அதிகம் என்பது இரண்டாவது கேள்வி. நினைத்த நேரத்தில் திட்டத்தை மாற்றவும், திரும்பி வரவும் எந்த வழி விடுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

மேற்கே

கடலூரிலிருந்து பண்ருட்டி, திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலை நூறு கிலோமீட்டர் சொச்சம். காலையில் கிளம்பினால் வெயில் முதுகில் விழும். சாயங்காலம் கிழக்கே திரும்பினாலும் முதுகில்தான். கண் கூசாமல் ஓட்டலாம். இந்த ஒரு விஷயத்தில் தெற்கு வழி மேற்குக்குப் பக்கத்தில் கூட வராது.

திருக்கோவிலூரில் தென்பெண்ணை அகன்று கிடக்கும். ஆற்றுக்கு நடுவே ஒரு பாறை, அதன் தலையில் சின்னக் கோயில். கபிலர் குன்று என்கிறார்கள். பாரி இறந்தபின் கபிலர் உயிர் நீத்த இடம் என்று நம்பிக்கை. பெரிய போர்டு எதுவும் கண்ணில் படவில்லை. அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த அரை மணி அதுதான்.

திருவண்ணாமலையில் சிக்கிக்கொண்டேன். திடீரென்று கிளம்பியதில் காலண்டரைப் பார்க்க மறந்துவிட்டேன். போய்ச் சேர்ந்த நாள் பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு ஊரே திரண்டு நிற்கிறது, நான் ஹெல்மெட்டோடு அறை தேடி அலைகிறேன். ரமணாசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். மற்ற இடங்களில் "தனியாவா?" என்று ஒரு கேள்வி, அப்புறம் "ரூம் இல்லம்மா". கடைசியில் ஒரு இடத்தில் மூன்று மடங்கு வாடகைக்கு ஜன்னல் இல்லாத அறை கிடைத்தது. மேற்கே போகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் தினசரிக் காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டுக் கிளம்பவும்.

மறுநாள் போளூர் போய், அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறினேன். ஜமுனாமரத்தூர் வரை ஏற்றம். காற்றே மாறிவிடும், கடலூரின் பிசுபிசுப்பு சட்டையை விட்டுப் போவது தெரியும். சாமைக் கொல்லைகள், தேன் விற்கிற பெட்டிக்கடை, ஆளில்லாத வளைவுகள். இன்னும் போனால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான், 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற இடம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவதுண்டு, விசாரித்துவிட்டுப் போக வேண்டும். நான் போனது புதன்கிழமை. அதன் வெள்ளைக் குவிமாடத்தைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு இடத்தில் அடி வாங்கினேன். ஒன்று, இறக்கம். கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கலாம். ஸ்கூட்டரில் கியர் மாற்றம் பெல்ட்டில் தானாக நடப்பது. ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் எஞ்சின் பிடி கழன்றுவிடும், வண்டி உருள ஆரம்பிக்கும். பிரேக் ஒன்றுதான் கதி. பாதி இறக்கத்தில் பின் சக்கரத்திலிருந்து ஒரு வாடை: இஸ்திரிப் பெட்டியில் துணி தீய்வதற்கு முந்தின நொடியில் வருமே, அது. பிரேக்கை அழுத்தினால் மெத்தையை அழுத்துகிற மாதிரி உள்ளே போகிறது. ஓரமாக நிறுத்திவிட்டுப் புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றேன். டிரம் கையைச் சுட்டது. அந்த நேரத்தில் தாண்டிப் போனது இரண்டு பைக், ஒரு பால் வண்டி, ஒரு பஸ்.

இன்னொன்று, போன். மலையில் பாதி இடத்தில் சிக்னல் இல்லை. போளூருக்கு இறங்கியதும் பை அதிர ஆரம்பித்தது: ஒன்பது தவறிய அழைப்பு, ஒரே எண். சேரப்போகிற கம்பெனி கேட்ட ஒரு தாளை முந்தின நாள் மாலைக்குள் அனுப்பவில்லை என்று என் சேர்க்கை தேதியைப் பத்து நாள் தள்ளி வைத்துவிட்டார்கள். பத்து நாள் சம்பளம் போயிற்று. ஜவ்வாது மலைக் காற்றுக்கு நான் கொடுத்த நுழைவுக் கட்டணம் என்று இன்றும் சொல்லிக்கொள்வேன்.

தெற்கே

கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர். அங்கிருந்து சீர்காழி, திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம். கடைசியில் நிலம் முடிகிற கோடியக்கரை. போக 190 கிலோமீட்டர் அளவு வரும். மேடு பள்ளம் கிடையாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு பஞ்சர் கடை. சிக்னல் அநேகமாக வழி நெடுக உண்டு. வண்டி மக்கர் செய்தால் அதை ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறி அன்றிரவே வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மாவிடம் அனுமதி வாங்கித் தந்தது இந்தக் கடைசி வரிதான்.

கிளம்புகிற நாள் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். தெற்கே போகிறவள், முதலில் வடக்கே கன்னியகோயிலுக்குப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். புதுச்சேரி எல்லைக்குள் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. கடலூர்க்காரர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய விஷயம். ஐந்து லிட்டர் டேங்கில் மிச்சமானது இருபது ரூபாய் சொச்சம், போய்வர எரிந்தது அதைவிடக் கூட. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் என்று வெளியே சொல்லவில்லை. காரைக்காலும் புதுச்சேரி ஆட்சிப் பகுதிதான் என்பதால் பாதி வழியில் கிட்டத்தட்ட அதே விலைக்குக் கிடைக்கிறது; கடலூரில் அரை டேங்க் போட்டுக்கொண்டு போனால் போதும்.

கடலோரப் பயணம் என்ற பேரை நம்பி ஏமாற வேண்டாம். சாலையிலிருந்து கடல் தெரியாது. நெடுஞ்சாலை உள்ளே தள்ளியே ஓடுகிறது. கடல் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊரிலும் இடது பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போக வேண்டும். எனக்கு அது தோதாகவே இருந்தது. அலுத்தால் திரும்பு, இல்லையென்றால் நேரே போ. சாமியார்பேட்டைக்குத் திரும்பினேன்; பூம்புகாருக்குத் திரும்பவில்லை.

பிச்சாவரத்தில் தனி ஆளுக்கு ஒரு சங்கடம். படகுக்குத்தான் காசு. முழுப் படகையும் ஒருத்தியாக எடுக்க மனசு வரவில்லை. டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, விருத்தாசலத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்திடம் கேட்டுச் சேர்ந்துகொண்டேன். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே படகு குனிந்து நுழையும்போது அந்த வீட்டுப் பாட்டி, "ஏன் பாப்பா, வீட்ல யாரும் வரலயா?" என்றார். "வேலையை விட்டுட்டேன் பாட்டி, அதான்" என்றேன். சம்பந்தமில்லாத பதில். பாட்டி புரிந்த மாதிரி தலையாட்டி, கையில் முறுக்கைத் திணித்தார்.

தை, மாசியில் போகிறவர்களுக்கு வேறு எங்கும் யாரும் சொல்லாத ஒரு எச்சரிக்கை. அது சம்பா அறுவடைக் காலம். கொள்ளிடம் தாண்டியதும் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். உள்சாலைகளில் வைக்கோலையே பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று. வைக்கோலின் மேல் சின்னச் சக்கரம் பனிக்கட்டியில் போவது போல வழுக்கும். சீர்காழி தாண்டி ஒரு திருப்பத்தில் பின் சக்கரம் ஒரு சாண் நகர்ந்தது; கால் ஊன்றித் தப்பினேன். நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்தவர், என்னை ஒரு பார்வை, நெல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாத்துப் போம்மா, வண்டிச் சக்கரத்துல எவ்ளோ நெல்லு ஒட்டிக்கிச்சு பாரு" என்றார். சக்கரத்திலிருந்து ஒரு பிடி நெல்லை உதறிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

தரங்கம்பாடியில் அரை நாள் போனது தெரியவில்லை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடலைப் பார்த்து மஞ்சளாக நிற்கிறது. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கிருந்துதான் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். விற்றுவிட்டுப் போன ஊர் என்ற எண்ணம் ஏனோ அந்தத் தெருவில் நடக்கும்போது கூடவே வந்தது. இருநூறு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு ரிலீவ் ஆனவர்கள். பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றிருக்கிறது.

அன்றிரவு காரைக்காலில் தங்கினேன். அறை சுத்தம், விலை நியாயம். ஆனால் சாயங்காலத்துக்குப் பிறகு ஒயின்ஷாப் கூட்டம் தெருவில் நிறைவதால் வெளியே போகாமல் பார்சல் வாங்கிச் சாப்பிட்டேன். ஆண்கள் யாராவது இதைப் படித்தால் தலைகீழாகச் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் நாகூர். தர்காவின் மனோரா எனும் கோபுரங்களில் மிக உயரமானது 131 அடி. மாலையில் கடைத்தெருவில் இறால் வாடா: வெளியே மொறுமொறு, உள்ளே வெங்காயம், மேலே ஒரு இறால் பொத்தான் வைத்த மாதிரி. மூன்று தின்றேன். அதனால் நேரமாகிவிட்டது. நாகப்பட்டினம் போய்ச் சேரும்போது ஆறு மணி. அங்கே ஒரு லாட்ஜில் ஆதாரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்குறதில்லம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் ஆறரை மணிக்குச் சட்டம் பேசி அறை வாங்க முடியாது. திருவண்ணாமலையில் இதே பதில் கேட்டபோது அழுகை வந்தது. இங்கே வரவில்லை, ஏனென்றால் வேளாங்கண்ணி பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே தனியாக வருகிறவர்களை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏழு மணிக்கு அறை கிடைத்தது. இரண்டு இரவு அதே அறை.

நாலாம் நாள் மூட்டையை அறையிலேயே விட்டுவிட்டு வெறும் வண்டியோடு வேதாரண்யம், கோடியக்கரை. வேதாரண்யத்தில் சாலை உப்பளங்களுக்கு நடுவே போகிறது. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த அகஸ்தியம்பள்ளி இதே சாலையில்தான். உப்பு எடுக்கும் பருவம் தொடங்கியிருந்தது. பாத்தி ஓரத்தில் குவித்த உப்பு, சிலவற்றுக்கு மேலே கீற்று போர்த்தியிருந்தார்கள். கோடியக்கரைக் காட்டில் வெளிமான் கூட்டம் ஒன்று, முறுக்குக் கொம்போடு ஒரு கலைமான் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பூநாரைகளை எதிர்பார்த்துப் போனேன். கிடைத்தது சதுப்புக்கு அப்பால், வெகு தூரத்தில், யாரோ சாக்பீஸால் இழுத்த மாதிரி ஒரு வெளிர் ரோஜாக் கோடு. அது பறவையா கானலா என்று பக்கத்தில் கேட்கவும் ஆளில்லை. தனியாகப் போவதில் ஒரே குறை என்று எனக்குத் தோன்றிய இடம் அதுதான்.

ஐந்தாம் நாள் திரும்பும் வழியில் திருக்கடையூரில் காபிக்கு நிறுத்தினேன். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள வருகிற ஊர். மாலையும் கழுத்துமாகத் தாத்தாக்களும் பாட்டிகளும் தெரு முழுக்க. அந்த நேரம் பார்த்து வேலை விவரம் சரிபார்க்கிறவரிடமிருந்து போன். நாதஸ்வரச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். "மேடம், கல்யாணத்துல இருக்கீங்களா? அப்புறம் கூப்பிடட்டுமா?" "இல்ல சார், கேளுங்க." ஏழு நிமிடத்தில் முடிந்தது. பேன் கார்டு நகலை அங்கே நின்றபடியே அனுப்பினேன். போன தடவை பத்து நாள் சம்பளம் பறித்த வேலை அது.

வீட்டில் படுத்துக்கொண்டே

மிச்சமிருந்த நாட்களில் ராத்திரிக்கு வீடு, பகலுக்கு ஊர் என்று மூன்று நாள் போய் வந்தேன். வடலூர், திருவக்கரை, செஞ்சி. செலவு பெட்ரோலும் சாப்பாடும்தான். வடலூரில் அதுவும் இல்லை. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் இருக்கிற தருமசாலையில், போகிற எல்லோருக்கும் சாப்பாடு. இலையில் சாதம் விழுந்தது, "தனியாவா?" என்று யாரும் கேட்கவில்லை. திருவக்கரையில் இரண்டு கோடி வருஷத்துக் கல்மரங்கள் வேலி போட்டுக் கிடக்கின்றன, கூட்டமே இல்லை. செஞ்சிக்குக் காலை நாலரைக்குக் கிளம்பினேன், கோட்டையின் ராஜகிரி மலையை வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும் என்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து போன ஒரே கோட்டை இது. குரங்குகளுக்கு அது தெரியவில்லை. என் தயிர்சாதத்தைப் பிடுங்கிக்கொண்டன.

இடங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இது பயணமாக ஒட்டவில்லை. சாயங்காலம் விழுப்புரம் தாண்டும்போது போன் வரும்: "வர்ற வழியில பால் பாக்கெட் ரெண்டு வாங்கிட்டு வந்துடு. கேஸ் புக் பண்ணியா?" செஞ்சிக் கோட்டை இறங்கி ஒரு மணி நேரத்தில் நான் மறுபடி வீட்டு ஆள். கையில் காசு ரொம்ப இழுபறி, அல்லது வீட்டில் வயதானவர்களை ராத்திரி தனியே விட முடியாது என்றால் இதுதான் வழி, தயங்க வேண்டாம். மற்றபடி இதை மீதி நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வண்டியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கார் இருந்தால் மழைக்கு நல்லது. ஆனால் சுங்கச் சாவடி, நிறுத்த இடம் என்று செலவு ஏறும். இருசக்கர வண்டிக்கு தேசிய நெடுஞ்சாலையில் சுங்கம் கிடையாது. புதுச்சேரியில் வாடகை ஸ்கூட்டர் எளிதாகக் கிடைக்கும். ஊரைத் தாண்டிக் கொண்டுபோக விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடவும். பெண்களுக்கு 2021-லிருந்து தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லையே, டவுன் பஸ் மாறி மாறியே கோடியக்கரை போனால் என்ன என்று ஒரு ராத்திரி முழுக்க கணக்குப் போட்டேன். எத்தனை பஸ் என்பதில் பதினொன்றுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. அந்த ஆசை இன்னும் இருக்கிறது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தெற்கே ஐந்து நாள், நாலு இரவு: பெட்ரோல் 950, அறை 3,600, சாப்பாடு 1,750, படகு முதலான சில்லறை 300. மொத்தம் 6,600 ரூபாய். மேற்கே அந்தக் காலத்து விலையிலேயே ஐயாயிரத்தைத் தாண்டியது, பிரேக் ஷூ மாற்றியதையும் பௌர்ணமி வாடகையையும் சேர்த்து. கைவிட்டுப் போன பத்து நாள் சம்பளத்தைச் சேர்க்கவில்லை.

அதனால், போன் வரவேண்டியிருக்கிறது, பணம் வரவேண்டியிருக்கிறது என்றால் யோசிக்காமல் தெற்கே போங்கள். நாலு மணிக்கு மனசு மாறினாலும் ஐந்து மணிக்கு வேறு ஊரில் இருக்கலாம். திடீர்ப் பயணத்துக்கு அந்தச் சாலை அவ்வளவு இடம் கொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மட்டும் வேண்டாம். 2018 கஜா புயல் வேதாரண்யம் பக்கத்திலும், 2024 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்திலும் கரையேறியது நவம்பரில்தான்.

வேலை உத்தரவு கையில், எல்லாத் தாளும் அனுப்பியாயிற்று, பணமும் வந்துவிட்டது, யாரும் உங்களைக் கூப்பிட வேண்டியதில்லை, நீங்களும் யாரிடமும் பேச வேண்டாம் என்றிருந்தால் மேற்கே. அந்த அமைதி கடற்கரைப் பக்கம் கிடைக்காது, அதை மறுக்க மாட்டேன். கூடுமானால் கியர் வண்டியில் போங்கள். ஸ்கூட்டர்தான் என்றால் கிளம்பும் முன் பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், போளூரில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், இறங்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அந்த இஸ்திரி வாடை வந்தபிறகு நிறுத்தினால் முக்கால் மணி ஆகும்.